லேப்டாப்புல ஓடும்ல?

மதுரையில் வீடு கட்டுகிறவர்களுக்கு 3டி எலிவேஷன் போட்டுக் கொடுப்பது என் தொழில். அஸ்திவாரம் தோண்டும் முன்பே, முடிந்த வீடு எப்படி இருக்கும் என்று படமாகக் காட்ட வேண்டும். முகப்பில் என்ன கல், போர்டிகோவுக்கு என்ன நிறம், பால்கனிக்குக் கண்ணாடியா கம்பியா என்று புருஷனும் பொண்டாட்டியும் போட வேண்டிய சண்டையை அந்தப் படத்தை வைத்தே போட்டு முடித்துக்கொள்வார்கள். நல்ல தொழில்தான். இன்ஜினியரின் அவசரம், கொத்தனாரின் நக்கல், பாக்கிப் பணத்துக்கு நடக்கிற நடை எல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்று. "ஏன் மேடம், இதெல்லாம் லேப்டாப்புலயே ஓடும்ல?"

வீடு கட்டுகிறவர் கேட்கிறார். வேலை கேட்டு வரும் பையன் கேட்கிறான். பிள்ளையை ஆர்க்கிடெக்சரில் சேர்த்துவிட்டு வரும் அப்பா கேட்கிறார். அனிமேஷன் படிக்கப் போகும் பெண்ணின் அம்மா, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் கேட்கிறார். எல்லோருக்கும் ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். ஓடாது என்றால் பொய். இன்றைக்கு வரும் லேப்டாப்பில் திறக்க முடியாத சாஃப்ட்வேர் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஓடும் என்றால், அதை நம்பி லட்ச ரூபாய்க்கு மேல் போட்டு வாங்கிவிட்டு அப்புறம் என்னைத்தான் திட்டுவார்கள். "எவ்வளவு நேரம் ஓடணும்? என்ன வேலைக்கு? எங்க வச்சு?" என்று திருப்பிக் கேட்டாலோ, இதற்குப் போய் இவ்வளவு பிகு பண்ணுகிறாளே என்கிற முகம்.

கடையில் காட்டும்போது எல்லாம் ஜோராக ஓடுகிறது. ஸ்கெட்ச்அப்பைத் திறக்கிறார்கள், நாலு சுவர் வைத்த ஒரு பொம்மை வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள், வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. ஏசி குளுகுளுவென்று இருக்கிறது. சார்ஜர் சொருகியிருக்கிறது. நாலு சுவர் வீட்டை யார் கட்டச் சொன்னார்கள்? என்னிடம் வருகிறவர்களுக்கு சிஎன்சி ஜாலி வேண்டும், மொட்டைமாடியில் தோட்டம் வேண்டும், வாசலில் புல்தரை வேண்டும், அதில் ஒரு பிள்ளையார் வேண்டும், இன்னும் வாங்காத கார் ஒன்று போர்டிகோவில் நிற்க வேண்டும். அந்தப் புல்லின் ஒவ்வொரு இதழும், மரத்தின் ஒவ்வொரு இலையும் கிராபிக்ஸ் கார்டின் மெமரியில் போய் உட்கார வேண்டும். அங்கேதான் லேப்டாப்புக்கு மூச்சு வாங்குகிறது. கடைக்காரர் அதைக் காட்ட மாட்டார்.

என் முதல் கோபம் கார்டுகளுக்குப் பெயர் வைத்தவர்கள் மேல். லேப்டாப்பின் ஸ்டிக்கரில் ஆர்டிஎக்ஸ் 4090 என்று இருக்கும். டெஸ்க்டாப்புக்குத் தனியாக வாங்கும் கார்டின் பெட்டியிலும் அதே ஆர்டிஎக்ஸ் 4090. உள்ளே இருக்கும் சிப்பே வேறு. டெஸ்க்டாப் கார்டில் 16,384 கோர், 24 ஜிபி மெமரி, 450 வாட் வரை மின்சாரம் இழுக்கும். லேப்டாப்பில் இருப்பதில் 9,728 கோர், 16 ஜிபி. எவ்வளவு முக்கினாலும் 175 வாட்டோடு சரி. இந்த 9,728, 16 ஜிபி இரண்டையும் டெஸ்க்டாப் பட்டியலில் தேடிப் பார்த்தால் 4080-க்கு நேராக இருக்கிறது. அதாவது ஒரு படி கீழே உள்ள 4080-ஐ எடுத்து, கரண்டையும் குறைத்துக் கொடுத்து, 4090 என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அடுத்த தலைமுறையிலாவது திருந்தினார்களா என்றால், 5090 டெஸ்க்டாப்பில் 21,760 கோர், 32 ஜிபி. லேப்டாப்பின் 5090-ல் 10,496 கோர், 24 ஜிபி. கோரில் பாதிகூட இல்லை. தாத்தா பெயரை இரண்டு பேரன்களுக்கும் வைத்த குடும்பத்தில்கூட பெரியவன், சின்னவன் என்று சேர்த்துக் கூப்பிடுவார்கள். இங்கே அந்த நாணயம்கூட இல்லை.

ஒரு காலத்தில் இருந்தது. லேப்டாப் கார்டு என்றால் எண்ணுக்குப் பின்னால் ஒரு எம் போடுவார்கள், 980எம் என்று. பார்த்தவுடனே இது கொஞ்சம் நோஞ்சான் என்று தெரிந்துவிடும். 2016-ல் ஜிடிஎக்ஸ் 10 வரிசை வந்தபோது, இந்தக் கார்டுகளைக் கொண்டுவரும் என்விடியா அந்த எம்மை எடுத்துவிட்டது. அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது; லேப்டாப்பில் வந்த 1080-க்கும் டெஸ்க்டாப் 1080-க்கும் கோர் எண்ணிக்கை ஒன்றுதான், வேகமும் கிட்டத்தட்டப் பக்கத்திலேயே நின்றது. பிறகு இடைவெளி வந்தது. வந்து, வருஷத்துக்கு வருஷம் அகலமானது. போன எம் மட்டும் திரும்பி வரவில்லை. தேடிப் பார்த்தால் எங்கோ பொடி எழுத்தில் 'லேப்டாப் ஜிபியு' என்று இருக்கும். லேப்டாப்பில் இருப்பது லேப்டாப் ஜிபியு என்று சொல்வதில் யாருக்கு என்ன புரியும்?

இதைவிட மோசம், ஒரே பெயர் கொண்ட இரண்டு லேப்டாப்புகளே ஒன்றில்லை. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டுக்கு என்விடியா கொடுத்திருக்கும் அளவு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. மெலிசாக, ஒய்யாரமாக இருக்கும் லேப்டாப்பில் குறைந்த வாட்டில் போடுவார்கள். தடிமனான, பார்த்தால் பயமுறுத்தும் லேப்டாப்பில் முழு வாட்டில் போடுவார்கள். ஸ்டிக்கர் ஒன்றுதான். மெலிசானது விலை கூட. நம் ஜனங்கள் விலை கூடியதுதான் வேகமானது என்று அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாட் எவ்வளவு என்று தயாரிப்பாளர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் போட வேண்டும் என்று 2021-ல் என்விடியாவே சொன்னது. போடுகிறவர்கள் போடுகிறார்கள். கடையில் தொங்கும் விலைச்சீட்டில் நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு தடவை கடைப் பையனிடம் கேட்டேன். "தம்பி, இதுல கிராபிக்ஸ் கார்டு எத்தனை வாட்?" அவன் சார்ஜரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "230 வாட் மேடம், செம பவர்" என்றான்.

மெமரி விஷயத்தில் இன்னும் ஒரு கூத்து. ஆர்டிஎக்ஸ் 3060 என்று ஒரு கார்டு 2021-ல் வந்தது. டெஸ்க்டாப்பில் முதலில் வந்தது 12 ஜிபி மெமரியோடு. லேப்டாப்பில் அதே 3060 வெறும் 6 ஜிபி. வேடிக்கை என்னவென்றால் கோர் எண்ணிக்கையில் லேப்டாப்தான் கொஞ்சம் மேலே. லேப்டாப்பில் 3,840, டெஸ்க்டாப்பில் 3,584. விளையாட்டுக்கு வாங்குகிறவனுக்கு அது போதும். மாடலைப் படமாக்க ரெண்டர் போடுகிறவளுக்கு மெமரி போதாவிட்டால் கோரை வைத்து என்ன செய்வது? மாடல் முழுசும் மெமரிக்குள் அடங்கினால்தான் வேலையே ஆரம்பிக்கும். அடங்காவிட்டால் ஒன்று சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரின் சாதா ரேமைக் கடன் வாங்கி நத்தை வேகத்துக்குப் போகும், இல்லாவிட்டால் மெமரி இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். அப்புறம் உட்கார்ந்து மரத்தை எடு, புல்லைக் குறை, டெக்ஸ்சரின் அளவைச் சுருக்கு. வாடிக்கையாளர் கேட்ட தோட்டத்தை நான் வெட்டிக்கொண்டிருப்பேன். "மேடம், அந்த வேப்பமரம் எங்க போச்சு?" என்பார். 6 ஜிபிக்குள் வேப்பமரத்துக்கு இடமில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கார்டுதான் இப்படி என்றால் பிராசசர் கதையும் அதேதான். "ஐ7 மேடம், 13-வது ஜெனரேஷன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். எந்த ஐ7? ஐ7-1355யு என்றால் அது 15 வாட் சிப்; பெரிய கோர் இரண்டே இரண்டு, மிச்சம் எட்டும் சின்னக் கோர். டெஸ்க்டாப்பின் ஐ7-13700கே என்றால் பெரிய கோரே எட்டு, சின்னது எட்டு. தேவைப்பட்டால் 253 வாட் வரை இழுத்து வேலை செய்யும். இரண்டும் ஐ7, இரண்டும் 13-வது. கடைசியில் தொங்கும் அந்த ஒற்றை எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த எழுத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சரி, பெயரை விடுங்கள். நல்ல லேப்டாப்பாகவே, முழு வாட்டில் உள்ளதாகவே ஒருவர் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் மதுரை வெயில் இருக்கிறது.

லேப்டாப் கையேட்டை யாரும் படிப்பதில்லை. அதில் எந்த வெப்பத்தில் வைத்து ஓட்டலாம் என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் 35 டிகிரி வரை. ஆப்பிள் தன் மேக்புக்குக்குக்கூட 10 முதல் 35 டிகிரி என்றுதான் போட்டிருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் இங்கே நிழலிலேயே 40 தாண்டுகிறது. ஃபேன் என்ன செய்யும்? அறையில் இருக்கும் காற்றை எடுத்துத்தான் உள்ளே ஊதும். அறையே கொதித்தால் அது கொதிக்கிற காற்றைத்தான் ஊதும். கட்டைவிரல் தடிமன் உள்ள பெட்டிக்குள் பிராசசரும் கார்டும் ஒரே செப்புக்குழாய் வழியாகச் சூட்டைக் கடத்திக்கொண்டு, ஒன்றை ஒன்று வேகவைத்துக்கொண்டு இருக்கும். இன்டெலின் பல லேப்டாப் சிப்களுக்கு 100 டிகிரி எல்லை. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைத்துக்கொள்வதை வெளியே சொல்லாது. திரையில் ஒரு எச்சரிக்கைகூட வராது. ரெண்டரில் மிச்ச நேரம் என்று காட்டும் எண் மட்டும் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போகும்.

போன கோடையில் திருமங்கலம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். "லேப்டாப்தானே மேடம், இங்கயே கொண்டுவந்து மாத்திக் குடுத்துருங்க, எல்லாரும் ஒண்ணா பாத்துருவோம்" என்று கூப்பிட்டிருந்தார்கள். டைனிங் டேபிளில் கண்ணாடி; அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பு; விரிப்பில் லேப்டாப்பை வைத்தால் அடியில் காற்றுப் போக வழியில்லை. இரண்டு டம்ளரைக் கவிழ்த்து முட்டுக் கொடுத்தேன். முகப்பில் சாம்பல் நிறக் கல்லை எடுத்துவிட்டு மரக்கலர் வைக்க வேண்டும், அவ்வளவுதான். மாற்றினேன், ரெண்டர் கொடுத்தேன். ஃபேன் கிளம்பியது. அடுப்படிக்குள்ளிருந்து பாட்டி, "யாருடி இந்நேரத்துல மிக்சி போடுறது?" என்றார். கீபோர்டில் டபிள்யூ, ஏ, எஸ், டி பக்கம் விரல் வைக்க முடியவில்லை. முதல் கால்வாசி விறுவிறுவென்று வந்தது. அதோடு வேகம் செத்தது. வீட்டுக்காரர், அவர் தம்பி, தம்பி மனைவி, வாஸ்து பார்க்கிறவர் என்று ஆறேழு பேர் என் தோளுக்குப் பின்னால் நின்று ஒரு பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காபி வந்தது. வாஸ்துக்காரர் இதுதான் சமயம் என்று மாடிப்படியைத் தென்மேற்குக்கு நகர்த்தச் சொன்னார். அப்போது கரண்ட் போனது.

லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அவர்களும் கேட்டார்கள். பேட்டரி இருக்கிறது, ரெண்டருக்குத்தான் இல்லை. விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கையில் எடுத்துப்போக 100 வாட்-அவர்தான் வரம்பு என்பதால், எவ்வளவு பெரிய லேப்டாப்பிலும் 99 சொச்சத்துக்கு மேல் பேட்டரி வைக்க மாட்டார்கள். முழு மூச்சில் ரெண்டர் ஓடும்போது 200 வாட் இழுக்கிற இயந்திரத்துக்கு அது அரைமணி நேரத் தீனி. அவ்வளவு வேகமாக வடிக்கவும் பேட்டரியால் ஆகாது என்பதால், சார்ஜர் போன நொடியே கார்டு தன் வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிக்கொள்கிறது. திரை எரியும், எலி நகரும், பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கிற மாதிரியே தெரியும். பச்சைக் கோடு மட்டும் தூங்கும். இந்த லட்சணத்துக்கு, செங்கல் கனத்தில் ஒரு சார்ஜரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும்.

ஒரு படத்துக்கே இந்தப் பாடு. இப்போது எல்லோருக்கும் வாக்த்ரூ வேண்டும். வாசலில் நுழைந்து ஹால், பூஜையறை, மாடி என்று நடந்துபோகிற மாதிரி வீடியோ. ஒரு நிமிட வீடியோவுக்கு விநாடிக்கு 30 படம் வீதம் 1,800 படம். வி-ரேயில் போட்டு, ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் என்றே கணக்கு வையுங்கள், 30 மணி நேரம் நிறுத்தாமல் ஓட வேண்டும். சூட்டில் வேகம் குறைந்து ஒன்றரை நிமிடமானால் 45 மணி நேரம். லேப்டாப் விமர்சன வீடியோக்களில் ஏசி அறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் டெஸ்ட் போட்டுவிட்டு, டெஸ்க்டாப்புக்குச் சமம் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பத்து நிமிடம் பற்றி எனக்கு வழக்கில்லை. மிச்சமுள்ள மணி நேரங்களுக்கு யார் பொறுப்பு?

பெரிய கம்பெனிகளே இதில் வழுக்கியிருக்கின்றன. 2018 ஜூலையில் ஆப்பிள், ஐ9 போட்ட மேக்புக் ப்ரோவை விற்பனைக்கு விட்டது. வீடியோ வேலையில் அது சூடேறி, தன் அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்குவதை யூடியூபில் ஒருவர் போட்டுக் காட்டினார். கோளாறு உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு மென்பொருளில் என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டு, அதே மாதம் அப்டேட் கொடுத்தார்கள். அந்த விலைக்கு விற்கிற பெட்டிக்கே அந்தக் கதி.

அதற்காக டெஸ்க்டாப்பைக் கும்பிடு என்று சொல்லவில்லை. அதிலும் கேடுகெட்ட கட்டமைப்புகள் உண்டு. வெளியே வானவில் கலரில் லைட்டு எரியும், உள்ளே ஐந்து வருஷப் பழைய கார்டு இருக்கும். டெஸ்க்டாப் 4060-யிலும் லேப்டாப் 4060 போலவே 8 ஜிபிதான். அதை வைத்துக்கொண்டு வேப்பமரத்தைக் காப்பாற்ற முடியாது. ஆனால் நாளைக்கு அந்தக் கார்டைக் கழற்றி விற்றுவிட்டு 16 ஜிபி கார்டு ஒன்றைச் சொருகலாம். பவர் சப்ளை போனால், எரிந்த வாசனையோடு கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், அன்று சாயங்காலமே வேறு மாட்டி ஓட்டலாம். மூடியைத் திறந்து ஒரு பிளோயரால் தூசியை ஊதினால் சூடு இறங்கும். என் ஆபீஸ் பையன் மாதம் ஒருமுறை செய்கிறான். லேப்டாப்பில் கார்டு போனால் மதர்போர்டோடு போச்சு. சர்வீஸ் சென்டரில் சொல்லும் தொகையைக் கேட்டால் புதுசே வாங்கிவிடலாம் என்று தோன்றும். தோன்ற வேண்டும் என்றுதானே சொல்கிறார்கள். சூட்டில் கிடந்து கிடந்து பேட்டரி உப்பி, டச்பேடைத் தூக்கிக்கொண்டு நிற்கிற லேப்டாப்பை என்னிடம் வேலைக்கு வந்த ஒரு பெண் கொண்டுவந்தாள். டச்பேடு மேடாக இருப்பது அந்த மாடலின் டிசைன் என்று நினைத்திருந்தாள்.

லேப்டாப் போதுமான வேலைகளும் இருக்கின்றன. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அங்கேயும் நம் ஆட்கள் தலைகீழாகத்தான் நிற்கிறார்கள். ஆட்டோகேடில் 2டி பிளான் போடுகிறவருக்குப் பெரிய கார்டே தேவையில்லை. அது பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். ஒரு நல்ல பிராசசரும் 16 ஜிபி ரேமும் இருந்தால் வண்டி ஓடும். போட்டோஷாப்பில் ஆல்பம் டிசைன் செய்கிறவருக்குக் கார்டைவிட நல்ல திரைதான் முக்கியம்; கேமிங் லேப்டாப்பின் மலிவான திரையில் முகூர்த்தப் பட்டின் அரக்கு ஒரு மாதிரி தெரியும், ஆல்பம் பிரிண்டில் வேறு மாதிரி வரும். எங்கள் மாடியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற தம்பி லேப்டாப்பிலேயே எல்லாவற்றையும் முடிக்கிறார். அவருடைய கேமரா கொடுக்கும் 10-பிட் 4:2:2 எச்இவிசி ஃபைலைப் பிரித்துக் காட்டும் வேலையை, பெரிய கார்டைவிட இன்டெல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸ் நன்றாகச் செய்கிறது. என்விடியா கார்டுகளுக்கு 50 வரிசை வரும்வரை அந்த வித்தை தெரியாது. அவருக்கு லேப்டாப் போதும். அவர் சொன்னார் என்று லூமியனில் ரெண்டர் போடுகிற பையன் அதே லேப்டாப்பை வாங்குகிறான். பிளான் போடுகிறவர், கார்டு இருந்தால்தான் கெத்து என்று மூன்று கிலோ கேமிங் லேப்டாப்பைச் சுமக்கிறார். மாற்றிக் கட்டிக்கொண்டால் இருவருக்குமே வாழ்வு வந்துவிடும்.

காலேஜ்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பி.ஆர்க் ஐந்து வருஷப் படிப்பு. முதல் வருஷத்தில் பெரும்பாலும் டிராயிங் போர்டு, டி-ஸ்கொயர், அட்டையில் வெட்டி ஒட்டும் மாடல். பெரிய ரெண்டர் வேலையெல்லாம் பிற்பாடுதான். சேரும்போதே லேப்டாப் வேண்டும் என்கிறார்கள், கான்ஃபிகரேஷன் சீட்டு ஒன்று கொடுக்கிறார்கள். நகையை வைத்து வாங்கிக் கொடுக்கிறார் அப்பா. நிஜமாகத் தேவைப்படும் வருஷத்தில் அது கிழடாகி நிற்கிறது, வாரன்டியும் முடிந்திருக்கும். ஹாஸ்டலில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு மேஜை. அங்கே டெஸ்க்டாப்பை எங்கே வைப்பது? பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. அதே காலேஜில் இரவிலும் திறந்திருக்கிற மாதிரி நல்ல டெஸ்க்டாப் லேப் ஒன்று வைத்தால், வீட்டுக்கு வீடு ஒரு நகை மீளும். லேப் இருக்கிறது, நாலரை மணிக்குப் பூட்டு விழுகிறது.

"மேக் வாங்கிருங்க அக்கா, சூடே ஆகாது" என்று என் தம்பி சொல்வான். சொல்வது தப்பில்லை. எம் வரிசைச் சிப் வந்த மேக்புக் சார்ஜர் இல்லாமலும் அதே வேகத்தில் ஓடுகிறது, மெமரியையும் பிராசசரும் கிராபிக்ஸும் பங்குபோட்டுக்கொள்கின்றன. பிளெண்டர் போடுகிறவருக்கு அருமையான பெட்டி. ஆனால் 3டிஎஸ் மேக்ஸ் மேக்கில் கிடையாது. ரெவிட் கிடையாது. லூமியன் கிடையாது. எனக்குச் சோறு போடும் மூன்றும் விண்டோஸில்தான் இருக்கின்றன.

கடைசியில் நான் எப்படி ஓட்டுகிறேன் என்றால், ஆபீஸில் ஒரு அசெம்பிள் செய்த சிஸ்டம், அதற்கு ஒரு யூபிஎஸ். சைட்டுக்குப் போகும்போது கையில் ஒரு லேசான, மலிவான லேப்டாப். அதிலிருந்து எனிடெஸ்க் வழியாக ஆபீஸ் சிஸ்டத்தைப் பிடித்து வேலை பார்ப்பது. ரெண்டர் அங்கே வேகும், இங்கே படம் மட்டும் வரும். நன்றாகத்தான் இருக்கிறது, சிக்னல் இருக்கிற இடத்தில். பாதி சைட்டுகள் ஊருக்கு வெளியே புதுசாகப் போட்ட பிளாட்டுகள். போனில் ஒரு கோடு வருவதற்கே மொட்டைமாடி ஏற வேண்டும், மொட்டைமாடி இன்னும் கட்டவில்லை. அப்போதும் வீட்டுக்காரர் என் கையில் இருக்கும் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, "அதான் லேப்டாப் வச்சிருக்கீங்களே மேடம்" என்பார்.

போன வாரம் மாமா போன் பண்ணினார். அவர் பையனுக்கு அனிமேஷன் கோர்ஸில் இடம் கிடைத்துவிட்டது. லேப்டாப் பற்றி என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று அத்தை சொல்லியிருந்தாராம். சந்தோஷமாக இருந்தது. என்ன சாஃப்ட்வேர் சொல்லித்தரப் போகிறார்கள், ஹாஸ்டலா வீடா, ரூமில் ஏசி உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். வீட்டிலிருந்துதான் போய்வரப் போகிறான். "அப்பன்னா சிஸ்டமே போட்டுரலாம் மாமா, அதே காசுக்கு ரெண்டு மடங்கு வேலை செய்யும், நான் லிஸ்ட் எழுதி அனுப்புறேன்" என்றேன்.

"இல்லம்மா, ஆஃபர் நேத்தோட முடியுதுன்னான். வாங்கிட்டேன். சும்மா உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான். ஓடும்ல?"

"கிராபிக்ஸ் கார்டு எத்தனை வாட்டுன்னு போட்டிருக்கு மாமா?"

"வாட்டா? இரு இரு." பெட்டியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. தெர்மோகோல் கிரீச்சிட்டது. பையனைக் கூப்பிட்டுக் கண்ணாடி எடுத்து வரச் சொன்னார். ரொம்ப நேரம் எதையோ வாய்க்குள் படித்தார்.

"வாட்டெல்லாம் எங்கயும் காணோம்மா. பேக் ஃப்ரீ, மவுஸ் ஃப்ரீ, ஒரு வருஷத்துக்கு ஆன்டிவைரஸ் ஃப்ரீன்னு போட்டிருக்கு."